ஒருவருக்கும் இருவருக்கும் ஒரே தோணி



ஆற்றோரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சம்பான் புதிய பொருளன்று. அக்கரைக்குப் போகவும் தூண்டில் போடவும் அதில் ஏறியிருப்போம். ஆனால் பாறைகளுக்கிடையே ஆறு நுரைத்துக்கொண்டு இறங்கும் ஜெராமுக்குள் சம்பானை யாரும் விடுவதில்லை.

ஜெராமில் இறங்கக்கூடிய தோணி ஒன்று வட அமெரிக்காவில் உண்டு. அதற்குக் கனூ என்று பெயர். அங்குள்ள பழங்குடி மக்கள் பிர்ச் மரப்பட்டையால் கட்டிய தோணிதான் அதற்கு மூலம். கூடாரமும் அரிசி பருப்பும் ஏற்றிக்கொண்டு நாள் கணக்கில் ஆற்றுவழியே பயணம் போகிறவர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். ஒரு சமயம் இருவராகப் போவார்கள்; இன்னொரு சமயம் தனியாகப் போவார்கள். அதற்காக இரண்டு தோணி வாங்க எல்லாராலும் முடியுமா? ஒன்றையே வாங்கி இரண்டுக்கும் வைத்துக்கொள்ள நினைப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

கனடாவில் 'ப்ராஸ்பெக்டர்' என்றொரு வகை உண்டு. நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில், ஃபிரெடெரிக்டன் நகரத்துச் செஸ்நட் நிறுவனம் இதைச் செய்து பெயர் பெற்றது. தேவதாரு இனத்து மெல்லிய பலகையை வளைத்து, மேலே கித்தான் துணி இழுத்துக் கட்டி, சாயம் பூசிய தோணி அது. நிறுவனம் 1970களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதே வடிவத்தைப் பிறர் இன்றும் வெவ்வேறு பொருள்களில் செய்து விற்கிறார்கள். பில் மேசன் என்ற கனடியர் இத்தகைய தோணியில்தான் பெயர் பெற்றார். அவர் எடுத்த துடுப்புப் பாடப் படங்கள் 1977இல் வெளிவந்தன. தனியாள் ஓட்டுவதற்கு வேறு, இருவர் ஓட்டுவதற்கு வேறு என்று படத்தையே அவர் பிரித்து எடுத்தார். தோணி ஒன்றானாலும் வித்தை இரண்டு என்பது இதிலிருந்தே தெரிகிறதல்லவா?

இதன் நீளம் 16 அடி, அகலம் ஏறத்தாழ 3 அடி. தரையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். நடுப்பாகம் தரையைத் தொடும். இரு முனைகளும் சற்று மேலே தூக்கி நிற்கும். இந்த அடிவளைவு இருந்தால்தான் பாறையைக் கண்டதும் தோணியைச் சட்டென்று திருப்ப முடியும். நேரான அடி உள்ள தோணி ஏரியில் கோடு கிழித்தாற்போல் ஓடும், ஜெராமில் திரும்பாது. வளைவு அதிகமானாலோ ஏரியில் காற்றடிக்கும்போது முனை இங்கும் அங்கும் அலையும். இரண்டு நன்மையும் ஒரே தோணியில் முழுமையாகக் கிடைக்காது. கிடைக்கும் என்று விற்பவர் சொன்னால் நாம் சிரித்துவிட்டு அடுத்த கடையைப் பார்க்கலாம்.

அடுத்து, தோணியின் அடி தட்டையா, உருண்டையா என்று பார்க்க வேண்டும். தட்டையான அடி, கரையோரத்தில் ஏறியவுடன் ஆடாமல் நிற்கும். வாங்க வந்தவர் மயங்குவது இங்கேதான். அலை சரிந்து வரும்போது தட்டையான அடி அந்தச் சரிவோடு சேர்ந்து தானும் சரிந்துவிடும். ப்ராஸ்பெக்டரின் அடி இலேசாக உருண்டது. ஏறியவுடன் ஆடுகிறதே என்று பயம் வரும். ஆனால் ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தால், ஓர் அளவுக்கு மேல் சாய மறுத்துக் கெட்டியாக நிற்கும்.

இப்போது ஆளை ஏற்றிப் பார்ப்போம். இருவர் போனால் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே, நடுவில் மூட்டைகள். முன்முனையில் ஆள் பாரம் இருப்பதால் பெரிய அலையில் அது எழும்பாமல் குத்தும். தண்ணீர் உள்ளே வரும். ஒருவர் மட்டும் நடுவுக்குச் சற்றுப் பின்னே முழங்காலிட்டால் இரு முனைகளும் இலேசாகி அலைமேல் ஏறி இறங்கும். அதே தோணி தனியாளுக்கு அதிகம் நனையாது! ஆனால் பாரம் குறைந்த தோணி நீருக்கு மேலே உயர்ந்து நிற்பதால், எதிர்காற்று அதைப் பிடித்துத் திருப்பும். அதனால் தனியாகப் போகிறவர் மூட்டையை முன்னே தள்ளி வைத்துச் சமன் செய்வார். இரு முனைகளும் ஒரே வடிவம் என்பதால், நடுவுக்கு அருகில் இருக்கும் முன்னிருக்கையில் திரும்பி உட்கார்ந்து, பின்முனையையே முன்முனையாக்கி ஓட்டவும் செய்யலாம். துடுப்பு ஒரு பக்கமே விழுவதால் தோணி மறுபக்கம் திரும்பப் பார்க்கும். ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பை வெளிப்புறமாகத் திருகித் தள்ளினால் நேராகும்.

நீர் நிரம்பிய தோணியின் கனத்தைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு கன அடி நீர் 28 கிலோ. இந்த அளவுத் தோணி நிரம்பினால் அரை டன்னுக்கும் மேல் இருக்கும். கவிழ்ந்தவர் தோணிக்குக் கீழ்நீரில் இருந்தால், அவ்வளவு பாரமும் அவரைப் பாறையோடு சேர்த்து நசுக்கும். ஆகவே விழுந்தவுடன் தோணிக்கு மேல்நீர்ப் பக்கம் போய்விட வேண்டும். காற்றடைத்த பைகளை உள்ளே கட்டிவைத்தால், அந்த இடத்தில் நீர் நிரம்ப வழியில்லை. தனியாள் தோணியில் காலியிடம் மிகுதி. பைகளும் மிகுதியாக வேண்டும். அவற்றைக் கட்ட வளையங்கள் உள்ளனவா என்று வாங்கும்போதே பாருங்கள்.

தோணி எதனால் ஆனது? டயருக்குப் பேர்போன யூனிராயல் நிறுவனம் ராயலெக்ஸ் என்ற பலகையை உருவாக்கியது. நடுவே நுரைபோன்ற பிளாஸ்டிக், வெளியே வினைல் தோல். பாறையில் மோதி மடங்கினாலும் பெரும்பாலும் பழைய உருவுக்கு வந்துவிடும். 2014இல் அதன் உற்பத்தி நின்றது; இப்போது பழைய தோணிகளில்தான் காணலாம். மூன்றடுக்குப் பாலித்தீன் தோணி உறுதியானது, ஆனால் கனம்.

கனம் ஏன் முக்கியம்? அருவி வந்தால் தோணியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் சுமந்து காட்டுவழியே நடக்க வேண்டும். மரமும் கித்தானும் சேர்ந்த ப்ராஸ்பெக்டர் ஏறத்தாழ 34 கிலோ. நனைந்தால் இன்னும் கூடும். காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்த தோளுக்கு அது என்னவென்று விளங்கும். இருவருக்கு இது பெரிதன்று. தனியாள் மூட்டைக்கும் தோணிக்குமாக அதே வழியில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டியிருக்கும். எனவே கடையிலேயே தாமாகத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். பிறகு அமைதியான நீரில் துணையோடு ஒரு முறை, மூட்டையோடு தனியாக ஒரு முறை, காற்றடிக்கும் பிற்பகலில் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்து விலை பேசலாம்.