பிரித்துக் கட்டிய வீடுகள்

2010-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், கனடா தேசத்தின் மேற்குக் கோடியிலே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைச் சேர்ந்த விஸ்லர் என்னும் மலைநகரில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்து முடிந்து, பனிச்சறுக்கு வீரர்கள் தத்தம் தேசங்களுக்குத் திரும்பிய பிறகு, அவர்களுக்கென அமைத்த ஒலிம்பிக் கிராமத்தில் தங்கும் வசதிக்கென்று தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருந்த 320 தற்காலிக அறைகள் ஆளரவமின்றி நின்றன. பெருவிழா முடிந்ததும் அதற்காக எழுப்பிய கொட்டகைகள் என்ன கதியடையும் என்பதை, திருவிழாவுக்கு மறுநாள் காலையில் தேரடிப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. விஸ்லரில் அப்படி நேரவில்லை. பந்தயம் தொடங்குவதற்கு முன்பே, அது முடிந்த பின் இந்த அறைகள் எந்த எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைச் சர்க்கார் தீர்மானித்து வைத்திருந்தது. அதன்படியே அவற்றைப் பிரித்து, வண்டியேற்றி, ஆறு ஊர்களுக்குக் கொண்டுபோய், மறுபடியும் சேர்த்து, வருமானம் குறைந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் வீடற்று நிற்போருக்குமாக 156 நிரந்தர வாடகை வீடுகளாக ஆக்கினார்கள்.

அந்த ஆறு ஊர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை அல்ல. சர்ரே, வான்கூவரை ஒட்டி வளர்ந்த பெரிய நகரம். சில்லிவாக், பிரேசர் ஆற்றுச் சமவெளியில் இருப்பது. எண்டர்பி உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர். ஸானிச் தீவிலே உள்ளது. ஸீஷெல்ட்டுக்குத் தரைவழியே இல்லை, படகேறித்தான் போகவேண்டும். செட்விண்டோ ராக்கி மலைகளுக்கும் அப்பால், வடகிழக்கு மூலையில் கிடப்பது. மலையையும் கடலையும் தாண்டிக் குடியிருப்பு அறைகள் குடிபெயர்ந்து போன காட்சியை மனத்தில் எண்ணிப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் வியப்பு இன்றும் குறையவில்லை.

பழைய வீட்டைப் பிரித்துப் புதிய வீட்டுக்குப் பயன்படுத்துவது நமக்குப் புதிய சங்கதி அல்ல. தேக்கு உத்தரம், நிலைக்கதவு, கல்தூண், நாட்டு ஓடு ஆகிய எதையும் வீணாக்காமல் எடுத்து வைத்து அடுத்த வீட்டுக்கு ஏற்றுவது நம்முடைய கொத்தனார்களும் தச்சர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த காரியம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த சாமான்களுக்கென்றே காரைக்குடியில் ஒரு கடைத்தெரு இருக்கிறது. ஆனால் நம் வழக்கத்தில் பிரித்த வீடு சாமான்களாகச் சிதறிவிடுகிறது. விஸ்லர் அறைகளைப் போன்றவையோ, தண்ணீர்க்குழாயும் மின்கம்பியும் சுவருக்குள் இருந்தபடியே, அறையென்னும் உருவம் கலையாமல் பெயர்ந்து போகின்றன.

அந்தப் பெயர்ச்சியைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். முதலில் தண்ணீர், கழிவுநீர், மின்சார இணைப்புகளைத் துண்டிக்கிறார்கள். பிறகு இரண்டு அறைப்பெட்டிகள் முதுகோடு முதுகாக ஒட்டியிருக்கும் மூட்டுவாயின் மேலிருந்து கூரைத் தகட்டையும் மழைத்தடுப்பையும் உரித்து, உள்ளே இறுக்கியிருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, திறந்துபோன பக்கத்தைத் தார்ப்பாயினால் மூடிக் கட்டியபின், கிரேன் அதை அலுங்காமல் தூக்கி லாரியின்மேல் வைக்கிறது. பெட்டியின் அகலத்தை நிர்ணயிப்பது கட்டடக் கலைஞரின் விருப்பம் அல்ல; அது போகவேண்டிய சாலையின் அகலமே. போய்ச் சேர்ந்த இடத்தில் அஸ்திவாரம், சாக்கடை, படிக்கட்டு, நடைவழி எல்லாம் புதிதாகவே செய்ய வேண்டும். பதினைந்து நாள் தங்குகிறவனுக்குப் போதுமானதாயிருந்த அறையை ஆயுள் முழுவதும் வசிக்கப் போகிறவருக்கு ஏற்றதாக்க, சமையற்கட்டு வேண்டும்; தீத்தடுப்பு வேண்டும்; குளிருக்கு இதமான சுவர் வேண்டும். 320 அறைகள் 156 வீடுகளாகச் சுருங்கியதிலிருந்தே, ஏறக்குறைய இரண்டு அறைகளின் இடம் ஒரு வீட்டுக்குத் தேவைப்பட்டது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆகையால், பழைய பெட்டி கிடைத்துவிட்டால் வீடு இலவசமாக வந்துவிடும் என்று சொல்லுகிறவர்களின் அபிப்பிராயத்தை நான் ஏற்பதற்கில்லை. இதில் நிச்சயமான லாபம் காலம்தான். அஸ்திவாரம் எழும்பும் நாட்களிலேயே அறைகளும் தயாராகிவிடுவதால் வருஷக்கணக்கான வேலை மாதக்கணக்கில் முடிகிறது.

கப்பலில் சரக்கு ஏற்றும் கண்டெய்னர்களை வீடாக்கும் முயற்சியும் பல தேசங்களில் நடைபெற்று வருகிறது. அதைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் அழகிய படங்களைக் கண்டு மயங்குமுன் ஓர் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்வது நலம். கண்டெய்னரின் வெளியகலம் 8 அடி. இருபுறமும் வெப்பத்தடுப்பு வைத்துப் பலகை அடித்துவிட்டால் உள்ளே மிஞ்சுவது சுமார் 7 அடி. ஆறேகால் அடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் கால்மாட்டில் ஒரு முழம்கூட மிஞ்சாது. வெப்பத்தடுப்பில் எங்கேனும் இடைவெளி விட்டால், குளிர்காலத்தில் இரும்பு வியர்த்து, அந்த ஈரம் சுவருக்குப் பின்னால் பூஞ்சையாகப் படரும். வெயில் காலத்திலோ அடுப்பைப் போலக் காயும். ஜன்னலுக்காக நெளிதகட்டை வெட்டினால் பெட்டியின் பலம் குறையும். வெட்டிய இடத்தைச் சுற்றி மீண்டும் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அடித்தளப் பலகையில் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள்; குழந்தை தவழப்போகும் தரை அது என்பதை நினைத்து அதை மாற்றியே ஆகவேண்டும்.

இவ்வளவு குறைகளையும் அறிந்த பின்னும், இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்தில் நடந்த காரியத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆம்ஸ்டர்டாமில் ஒரு வீட்டுத் திட்டத்துக்கென்று தயாராகி, அத்திட்டம் பணமின்றி நின்றுபோனதால் வேலையற்றுக் கிடந்த 36 கண்டெய்னர் வீடுகளை, 2013-ஆம் ஆண்டில் பிரைட்டனின் ஒரு பழைய இரும்புக் கிடங்கு மனையில் கொண்டுவந்து அடுக்கி, வீடற்றோருக்காகப் பாடுபடும் பிரைட்டன் ஹவுசிங் டிரஸ்ட் வாடகைக்கு விட்டது. ஒவ்வொன்றிலும் தனிச் சமையலிடம்; தனிக் குளியலறை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பெரியோர் சொன்னது, பொது விடுதியில் பத்துப்பேரோடு பாயை விரித்து, தன் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தவனுக்குத்தான் முழுதாகப் புரியும். உள்ளேயிருந்து தாழிட்டுக்கொள்ளும் ஒரு கதவு மனிதனுக்கு எவ்வளவு பெரிய கௌரவம்!

'தற்காலிகம்' என்னும் சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். யுத்தத்தில் குண்டுவீச்சுக்கு வீடிழந்த குடும்பங்களுக்காக 1944-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்ற, அதன்கீழ் 1,56,623 தற்காலிக வீடுகள் நிறுவப்பட்டன. விமானத் தொழிற்சாலைகளிலே அலுமினியத்தால் செய்யப்பட்டு, நான்கு துண்டுகளாக லாரியில் வந்து இறங்கிய வீடுகளும் அவற்றில் உண்டு. வீட்டுக்குள்ளேயே குளியலறையும், சமையற்கட்டில் குளிர்பதனப் பெட்டியும், வெளியே சிறு தோட்டமும் கண்ட தொழிலாளர் குடும்பங்கள் அவற்றை விட்டுப் போக மனமின்றித் தங்கிவிட்டன. பத்து வருஷத்துக்கென்று வைத்தவற்றில் பல அரை நூற்றாண்டைத் தாண்டின. லண்டனில் காட்ஃபோர்டு பகுதியில், யுத்தக் கைதிகளைக் கொண்டு நிறுவப்பட்ட எக்ஸ்காலிபர் குடியிருப்பின் 187 வீடுகளில் ஆறு, 2009-ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பராமரிப்பும், காலடியில் நிலமும் இருந்தால் தொழிற்சாலை வீடு நிலைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் எதற்கு?

அந்த நிலத்தில்தான் சிக்கல் இருக்கிறது. வான்கூவர் நகரம், பின்னாளில் பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாம் என்ற உத்தேசத்துடனேயே, 2017-ஆம் ஆண்டில் டெர்மினல் அவென்யூவில் நகருக்குச் சொந்தமான மனையொன்றில் 40 வீடுகளை அடுக்கியது. அதே வருஷம் மாகாண சர்க்கார் 600 வீடுகளுக்கு 6 கோடியே 60 லட்சம் டாலர் ஒதுக்கிற்று. சர்க்கார் உதவித்தொகையில் தனியாக வாழ்கிறவர்களுக்கு அம்மாகாணத்தில் வீட்டுச் செலவுக்கென்று 2007 முதல் 2023 வரை கொடுக்கப்பட்டது மாதம் 375 டாலர். அந்தத் தொகைக்கு வான்கூவரின் தனியார் கட்டடங்களில் கௌரவமான ஓர் அறை அகப்படுவது எளிதல்ல என்பதால், அதே வாடகைக்கு விடப்பட்ட இவ்வீடுகள் அவர்களுக்குப் பெரும் ஆறுதலாயின. அந்நகரின் மார்போல் பகுதியில் இத்தகைய 78 வீடுகள் வரப்போவதை அறிந்த அக்கம்பக்கத்தார், பள்ளிக்கூடம் அருகில் இருப்பதைக் காட்டிக் கொடிபிடித்தனர். ஆயினும் 2018-இல் அங்கே குடியேற்றம் நடந்தது. ஆனால் இந்த மனைகளில் அனுமதி ஐந்து வருஷத்துக்குத்தான் தரப்பட்டது. வேண்டுமானால் மேலும் ஐந்து வருஷம் நீட்டிக்க இடமிருந்தது. தவணை முடிந்தால் பெட்டியைத் தூக்க கிரேன் வரும். அந்தப் பெட்டிக்குள் பத்து வருஷமாகத் துளசித் தொட்டியைப்போல் எதையோ ஒன்றை வளர்த்து வந்த கிழவிக்கு, மருந்து வாங்கும் கடையும் பேசிப் பழகிய முகங்களும் கிரேனில் ஏறி வருமா?

விஸ்லர் அறைகளுக்குக் கிடைத்த பாக்கியம் இதுதான்: அவை இரண்டாம் முறை இறங்கிய இடத்திலே நிரந்தரமாக இறங்கின. நம் ஊரிலும் யாரேனும் பழைய பெட்டிகளை அடுக்கி ஏழைகளுக்கு வாடகை வீடு தரப்போவதாகத் திட்டம் கொண்டுவந்தால், ஒரு பெட்டி என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், அது நிற்கப்போகும் மனை யாருடையது, எத்தனை வருஷத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பத்திரத்தை வாங்கிப் பாருங்கள்.