யாழ்ப்பாண இராச்சியத்தின் வீழ்ச்சியும் தேசவழமையும்: ஒரு சமூகவியல் நோக்கு

யாழ்ப்பாண இராச்சியத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோரிற் பலர் அதனை நல்லூரிலே தொடங்கி, சங்கிலி குமாரன் சிறைப்பட்ட 1619ஆம் ஆண்டுடன் முடித்துவிடுவர். அரண்மனையை மையமாகக் கொண்டு நோக்கின் அவ்வாறு முடிப்பது பொருத்தமே. ஆயின் வேலணைத் தீவிலுள்ள புளியங்கூடல் போன்றதொரு விவசாயக் கிராமத்திலிருந்து நோக்கின், 1619இல் முடிந்தது யாது, முடியாது தொடர்ந்தது யாது என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு விடைகாணத் தேசவழமை என்னும் சட்டத்தொகுப்பு நமக்குப் பெரிதும் உதவும்.

இராச்சியம் ஒரே நாளில் வீழ்ந்துவிடவில்லை. 1560இற் போர்த்துக்கேயர் படையெடுத்து மன்னாரைக் கைப்பற்றினர். 1591இல் அந்திரே பூர்த்தாதோ தெ மென்டோன்சாவின் படையெடுப்பில் அரசன் கொல்லப்பட, எதிர்மன்னசிங்கன் அரியணையில் அமர்த்தப்பட்டான். திறை செலுத்துவதும் மதகுருமாரின் பணிக்கு இடமளிப்பதும் அவன் ஆட்சியின் நிபந்தனைகளாயின. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின் ஆங்கிலேயர் திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்களில் கையாண்ட முறையின் முன்னோடி வடிவத்தை இங்கு நாம் காண்கிறோம்: முடி உள்ளூரானுக்கு, பலன் வெளியாருக்கு. அரண்மனைப் பூசல்களால் இவ்வேற்பாடு குலைந்தபோதுதான் பிலிப் தெ ஒலிவேரா நேரடியாகவே நாட்டைக் கைப்பற்றினான். சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான்.

தீவகத்திற்கு இம்மாற்றம் முதலிற் பெயர்களின் வாயிலாகவே புலப்பட்டிருக்கும். ஊர்காவற்றுறை, துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லினடியாகக் ‘கயிற்ஸ்’ ஆயிற்று. வன்னியிலிருந்து கொணரப்பட்ட யானைகள் கப்பலேறிய துறையும் அதுவே. 1658இல் ஒல்லாந்தர் கடற்கோட்டையான அம்மன்கீலையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் கைப்பற்றிய பின்னர் வேலணைத் தீவு ‘லைடன்’ எனவும் நயினாதீவு ‘ஹார்லெம்’ எனவும் அவர்தம் ஊர்ப்பெயர்களைப் பெற்றன. தீவுகளிற் பிறந்தோருக்கு அப்பெயர்கள் நாவில் ஏறவில்லை என்பது வேறு விடயம்.

ஆனால் தோம்பு ஏறியது. எவருடைய காணி எது, எவர் என்ன செலுத்தக் கடமைப்பட்டவர் என்பனவற்றைப் பதிந்த அவ்வேடு குடியேற்றவாத ஆட்சியின் உண்மையான ஆயுதம் எனலாம். காணிக்கு வரி, தலைக்கு வரி, கூலியில்லா ஊழியம் ஆகியன முன்பு அரசனுக்குரியனவாயிருந்தன, இப்போது கம்பனிக்குரியனவாயின. இடையில் நின்று அவற்றை அறவிட்டோர் பெரும்பாலும் பழைய மேற்குடிகளைச் சேர்ந்த முதலியார்களே. உற்பத்தி உறவுகள் குலைக்கப்படவில்லை. உரிமையாளர் மட்டுமே மாறினார்.

இதற்கு எழுத்துருவம் அளித்ததே தேசவழமை. ஆளுநர் சைமன்சின் பணிப்பின் பேரில், யாழ்ப்பாணத்திற் பல்லாண்டு பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்து 1707இல் அளித்தார். அதன் தமிழாக்கம் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது; அவர்கள் அதனை ஏற்றனர். இங்குச் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். நாட்டின் வழமை யாது எனக் கூறும் உரிமை யாருக்கு வழங்கப்பட்டது? நிலமுடையோருக்கு. அவர்களின் வழக்கமே ‘தேசத்தின்’ வழமையாயிற்று. உழுதவனும் சீவல்தொழிலாளியும் கேட்கப்பட்டிலர். அவர்களைப் பற்றி நூலில் இடமில்லாமலில்லை: கோவியர், பள்ளர், நளவர் முதலியோர் அடிமைகள் பற்றிய பகுதியில் வருகின்றனர்.

இவ்வழமை மாறாத பழமையுடையது என்போர் நூலையே ஊன்றி வாசித்தல் நன்று. ஆதியில் தாயின் சொத்து சீதனமாகப் புதல்வியருக்கும் தந்தையின் முதுசம் புதல்வருக்கும் சென்றன எனவும், போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வேறுபாடு குலைந்து, சீதனம் இருவர் சொத்திலிருந்தும் கொடுக்கப்படலாயிற்று எனவும் அது தானே கூறுகின்றது. ஆகவே தொகுக்கப்பட்டது தொன்மை அன்று. ஒரு நூற்றாண்டு அந்நியராட்சிக்கு உட்பட்டு உருமாறிய வழக்கமே. ஓடிக்கொண்டிருந்த நீர் அந்த இடத்திலேயே கட்டுண்டது.

இலக்கிய மாணவர் இதனுடன் ஒப்புநோக்கத்தக்கது மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை. அதுவும் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின் பேரில் எழுந்ததே. ஆள்பவர்க்கு இரண்டு நூல்கள் தேவைப்பட்டன: ஒன்று எவ்வாறு ஆள்வது என்பதற்கு, மற்றையது யார் ஆண்டனர் என்பதற்கு. வைபவமாலையின் உரைநடை நமது மொழிவரலாற்றில் முக்கியமானதே. எனினும் அதில் அரசரும் குடியேறிய பிரபுக்களும் பெயரோடு வருமளவுக்கு உழைப்போர் வருவதில்லை.

1795இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமைக்கு முழு வலுவளித்தனர். 1832இல் இராசகாரியமும் 1844இல் அடிமைமுறையும் சட்டப்படி நீங்கின. நீக்கப்பட்டோருக்குக் காணி வழங்கப்படவில்லை; முன்பு அடிமையாக உழுதவன் அதே வயலிற் கூலியாக நின்றான். விவாகமான பெண் தன் அசைவற்ற சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்னும் ஏற்பாட்டை 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் பேணிற்று. தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் சமவுரிமை கோரிய ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது 1966 ஒக்டோபர் 21இல். அடிமைமுறை நீங்கி அப்போது 122 ஆண்டுகள் ஆகியிருந்தன.