பூச்சியைவிட சீட்டு முக்கியம்

பூச்சித் தொகுப்பில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது நான் முதலில் கற்றது ஊசி குத்துறதுதான். வண்டுக்கு வலது முன்னிறக்கையில் குத்தணும். நடுவில் குத்தினால் இரண்டு இறக்கையும் விலகிடும். ஊசி தாங்காத சின்னப் பூச்சியை முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டணும். பெட்டியைச் சரியா மூடலைன்னா டெர்மெஸ்டிட் வண்டுகள் புகுந்து மொத்தத்தையும் தூளாக்கிடும்.

ஆனா முக்கியமானது, பூச்சிக்குக் கீழே அதே ஊசியில் செருகும் சீட்டு: இடம், தேதி, பிடித்தவர் பெயர். பூச்சியின் பெயரைப் பின்னாடி கண்டுபிடிக்கலாம். இடமும் தேதியும் விட்டுப்போனா கிடைக்காது. 'மதுரை' என்று மட்டும் எழுதினால் போதாது, 'உலகனேரி கண்மாய்' என்று எழுதணும். அந்தக் கண்மாய்ப் பகுதியில் 2004-லிருந்து உயர் நீதிமன்றக் கிளை இயங்குது. முன்பு அங்கே எந்தத் தும்பி பறந்ததுன்னு பழைய சீட்டுதான் சொல்லும்.

நீங்களும் பூச்சி சேர்க்கிறவங்கன்னா, பிடிச்ச அன்னிக்கே எழுதி வச்சிடுங்க.