40 பிரசவம் பார்த்தால் போதுமா? மிட்வைஃப் மாணவிகளின் பயிற்சியை எடைபோடுவது எப்படி?

லேபர் வார்டு. வலியில் துடிக்கும் தாய். பக்கத்தில் கிளவுஸ் போட்டு நிற்கும் மாணவி. குழந்தையின் இதயத்துடிப்பு குறைவதுபோல அவருக்குத் தோன்றுகிறது. சீனியரிடம் சொல்லலாமா? ‘இதுகூட தெரியாதா’ன்னு திட்டு விழுமா? அவர் தயங்கி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்துதான். மிட்வைஃப் மாணவிகளிடம் ‘பயிற்சி எப்படி இருந்தது?’ என்று கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதுதான் காரணம்.

மிட்வைஃப்னா யாரு?

சிக்கலில்லாத கர்ப்பம், பிரசவம், அதன் பிறகான கவனிப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள முறையாகப் படித்தவர். சிக்கல் தெரிந்தால் உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியதும் இவர் பொறுப்புதான். அந்தக் காலத்து மருத்துவச்சி அனுபவத்தில் கற்றார். இவர் படித்து, தேர்வாகி, பதிவு செய்துவிட்டு வேலைக்கு வருகிறார்.

லாக்புக் கணக்கு போதாதா?

பிரிட்டனில் மாணவி பொதுவாக 40 பிரசவங்களைத் தானே பார்த்திருக்க வேண்டும். 100 கர்ப்பகாலப் பரிசோதனைகளும் உண்டு. ஆனால் லாக்புக் எண்ணிக்கையைத்தான் சொல்லும். பக்கத்தில் நின்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, தப்பு நடந்தால் பிறகு உட்கார வைத்து விளக்கினார்களா என்பதைச் சொல்லாது. 40-ம் முடித்தும் தன்னம்பிக்கை வராமல் போகலாம்.

சொல்லிக்கொடுப்பவரே மார்க் போடலாமா?

இங்குதான் சிக்கலே. மார்க் போடப்போகிறவரிடம் ‘எனக்குப் புரியல’ என்று சொல்ல யாருக்குத்தான் தைரியம் வரும்? பிரிட்டனின் நர்சிங், மிட்வைஃப் கவுன்சில் 2018-ல் கொண்டுவந்த விதிகள் இந்த இரண்டு வேலையையும் பிரித்தன. வார்டில் வழிகாட்டும் மேற்பார்வையாளர் ஒருவர், அதே மாணவியின் செய்முறையை மதிப்பிடுபவர் வேறொருவர்.

அனுபவத்தை அளக்க முடியுமா?

முடியும். பின்லாந்தில் நர்சிங் மாணவர்களுக்காக உருவான ஒரு கேள்வித்தாளில் 34 கேள்விகள் உள்ளன. வார்டின் சூழல், வார்டு பொறுப்பாளரின் அணுகுமுறை, மேற்பார்வையாளருடனான உறவு, கல்லூரி ஆசிரியரின் பங்கு என எல்லாவற்றுக்கும் மாணவர்களே மதிப்பெண் தரலாம். பெயர் கேட்காமல் நிரப்பச் சொன்னால்தான் உண்மை வெளியே வரும்.

இந்தியாவில் என்ன நிலை?

மத்திய சுகாதார அமைச்சகம் 2018 டிசம்பரில் மிட்வைஃப் சேவைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களுக்கு 18 மாதப் பயிற்சி. முதலில் பயிற்றுநர்களைத் தயார் செய்து, அவர்கள் மூலம் மற்றவர்களுக்குக் கற்றுத்தருவதுதான் திட்டம். ஆக, பயிற்றுநர் சரியாக இருந்தால்தான் அடுத்தது சரியாகும்.

கூட்டம் நிறைந்த வார்டில் ஸ்டாஃப் நர்ஸுக்குத் தன் வேலையைப் பார்க்கவே நேரம் போதாது. அதற்கு நடுவில் மாணவிக்கும் சொல்லிக்கொடு என்றால் எப்படி? வழிகாட்டுவதை அவருடைய டூட்டி நேரத்திலேயே சேர்க்க வேண்டும். மாணவி எழுதிக்கொடுத்த கருத்து ஃபைலில் தூங்காமல் அந்த வார்டுக்கே திரும்பிப் போக வேண்டும். அப்போதுதான் அடுத்த பேட்ச் மாணவி, ‘அக்கா, துடிப்பு குறையுற மாதிரி இருக்கு’ என்று தயங்காமல் சொல்வார்.