யூரியா போகும் வழி

நெய்வேலி என்றதும் கரியும் கரண்டும்தான் நினைவுக்கு வரும். அங்கே யூரியாவும் செய்தார்கள் என்பது டவுன்ஷிப்பின் பழைய ஆட்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். பழுப்பு நிலக்கரியிலிருந்து வாயு எடுத்து யூரியா தயாரிக்கும் ஆலை 1966இல் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 1,52,000 டன் திறன். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்பதால், முழுத் திறனில் ஓடினால் சுமார் 70,000 டன் நைட்ரஜன். ஆலையை மூடியாயிற்று. மூட்டை இப்போது வேறு ஊரிலிருந்து வருகிறது, மேலுரம் போடுவது நிற்கவில்லை.

போட்டதெல்லாம் நெல்லுக்குப் போவதில்லை. கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றோடு போகும். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். மிச்சத்தில் ஒரு பங்கு வடிகாலில் இறங்கி, பரவனாற்றோடு ஏரிகளைக் கடந்து, கடலூரில் உப்பனாற்றைச் சேர்ந்து கடலில் விழும்.

அந்தப் பங்கு எவ்வளவு? உலக ஆறுகளுக்கு இதைக் கணக்கிட யுனெஸ்கோவின் கடலியல் ஆணைய ஆதரவில் பிறந்தது ‘குளோபல் நியூஸ்’ என்ற கணினி மாதிரி. உரம், சாணம், சாக்கடை எல்லாம் வரவு. அறுவடையில் போனதைக் கழித்து, மீதியில் எவ்வளவு ஆற்றுக்கு வரும் என்பதை நீரோட்டத்தை வைத்து மதிப்பிடுவார்கள். வழியில் நீர்த்தேக்கம் பிடித்துவைப்பதும் பாசனத்துக்கு எடுப்பதும் போக மிஞ்சுவதே கடலின் பங்கு.

பரவனாற்றுக்கு வந்தால் இந்தக் கணக்கு தடுமாறும். மாதிரியின் ஒரு கட்டம் அரை டிகிரி, அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய 55 கி.மீ. நெய்வேலிக்கும் கடலுக்கும் நடுவே அவ்வளவு தூரமே இல்லை. கங்கையை அளக்க வந்த படி இது. நம் ஏரிகள் அதில் புள்ளியாகக்கூட விழாது. ஓட்டத்தை மழையிலிருந்து கணக்கிடுவது இன்னொரு சிக்கல். இங்கோ கரிக்கு அடியிலுள்ள ஊற்று சுரங்கத்துக்குள் பொங்கிவிடாமல் இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். அந்த நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயலுக்கும் பாய்கிறது. மழைக் கணக்கில் இந்தத் தண்ணீர் ஏது?

ஆற்றின் பாதையே மாறிவிட்டது என்பது அடுத்த சங்கதி. சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்குப் புது வாய்க்கால் வெட்ட, 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற பயிருக்குள் இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. பயிரைப் பற்றிப் பேசினோம். தண்ணீரின் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை. வெட்டிய வாய்க்காலில் நீர் விரைந்தால், சேற்று நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் நேரம் குறையும். நைட்ரேட் கூடுதலாகக் கீழே போகும்.

வீணாகும் நைட்ரஜனை 2030க்குள் பாதியாக்கும் இலக்கோடு 2019 அக்டோபரில் கொழும்புப் பிரகடனம் வந்தது. எதில் பாதி? பெருமாள் ஏரி மதகிலும் உப்பனாற்று முகத்திலும், ஐப்பசி வெள்ளத்தில் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை தண்ணீர் மொண்டு பார்த்தால் சொல்லலாம்.