வீரசோழன் ஆதுலர் சாலை

நோய் தீர வேண்டுமென்று வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் எடுத்துப் போகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. திருமுக்கூடல் பெருமாளுக்கு அப்படியொரு பெயர் இல்லை. ஆனால் ஒரு கோயில் நோயாளிகளை எப்படிப் பார்த்துக்கொண்டது என்று நாழிக் கணக்கில் தெரிந்துகொள்ள, அங்கேதான் போக வேண்டும்.

வாலாஜாபாத்துக்கு அருகே, பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது ஊர். செய்யாறும் வேகவதியும் பாலாற்றில் வந்து சேரும் இடம் என்பதால் திருமுக்கூடல். கருவறையில் நின்ற கோலத்தில் அப்பன் வெங்கடேசப் பெருமாள். பொங்கலை ஒட்டிய பார்வேட்டையின்போது காஞ்சி வரதரே பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, ஆற்றைக் கடந்து இங்கே வருகிறார். அந்த நாள் தவிர மற்ற நாட்களில் கோயிலில் அமைதிதான்.

கருங்கல் சுவரின் பக்கம் வந்தால் எழுத்துகள் தொடங்கும். சோழர் காலக் கட்டடத்தில் சுவர் என்பது கூரையைத் தாங்குவதோடு நின்றுவிடுவதில்லை. ஊரின் பத்திரப் பதிவேடும் அதுதான். புள்ளி வைக்காத தமிழ் எழுத்துகள், வடமொழிச் சொல் வரும் இடத்தில் கிரந்தம், வரிக்கு வரி இடைவெளியே விடாமல் ஓடுகின்றன. வீரராசேந்திர சோழன் காலத்தில், 1068ஐ ஒட்டி, வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு இது. வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாயைக் கோயிலின் எந்தெந்தச் செலவுக்கு எவ்வளவு பிரிப்பது என்பதே இதன் பொருள். பூசை, திருவிழா, வேதமும் இலக்கணமும் படிக்கும் மாணவர்களின் சாப்பாடு, அவர்களுக்கு ஆண்டில் 51 சனிக்கிழமை தேய்த்துக் குளிக்க எண்ணெய் என்று வந்துகொண்டே இருக்கும் கணக்கு, ஓரிடத்தில் ஆதுலர் சாலைக்குள் நுழைகிறது. ஆதுலர் என்றால் நோயாளி. சாலையின் பெயர் வீரசோழன். படுக்கை 15.

மருத்துவர் ஒருவர். கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று பெயரையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அவருக்கு நாளைக்கு மூன்று குறுணி நெல். ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி, ஆண்டுக்கு 360 நாள் என்று பெருக்கிப் பாருங்கள்: சரியாக 90 கலம் வரும். கல்வெட்டும் அதையே சொல்கிறது. கூடவே எட்டுக் காசு. சல்லியக்கிரியை, அதாவது அறுவை, செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்து வந்து மருந்து காய்ச்சும் இருவருக்கும் சேர்த்து 60 கலமும் இரண்டு காசும். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவருக்கு 30 கலமும் ஒரு காசும். நாவிதருக்கு 15, தண்ணீர் கொண்டு வருபவருக்கு 15.

இந்தக் கணக்கில் என்னை நிறுத்தி வைத்தது ஒன்று உண்டு. அறுவை செய்பவரைவிட மூலிகை பறிப்பவருக்கு ஒரு காசு கூடுதல். அறுவைக்கு என்றோ ஒருநாள்தான் வேலை வந்திருக்கும், மூலிகைக்குத் தினமும் காட்டுக்குப் போக வேண்டும், அதனால் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மொத்தம் எட்டுப் பேர், 240 கலம் நெல். பதினைந்து நோயாளிக்கு எட்டுப் பேர் என்பது இன்றைக்கும் குறைவான எண்ணிக்கை இல்லை.

படுத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு நாழி அரிசி. இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய். காய்ச்சலில் நடுராத்திரி விழித்துக் கிடந்தவர்களுக்கு அந்த ஒற்றை விளக்கின் அருமை தெரியும். அதைச் செலவுப் பட்டியலில் சேர்க்க நினைத்த மனிதரைக் கும்பிடத் தோன்றுகிறது. இந்தக் கவனிப்பு ஊரார் எல்லோருக்கும் கிடைத்ததா என்றால், இல்லை. கோயில் பணியாளர்கள், மாணவர்கள், ஆசிரியர்கள் ஆகியோருக்கான இடம் இது.

அடுத்து மருந்துகள். ஓராண்டுக்கு எவை எவ்வளவு இருப்பில் இருக்க வேண்டும் என்று கல் சொல்கிறது. கடுக்காய் பல வடிவங்களில் வருகிறது. தசமூலத்தோடு சேர்த்தது ஒன்று, ஆடாதோடையோடு சேர்த்தது இன்னொன்று. ஆடாதோடை நமக்குப் புதிதில்லை, இருமலுக்குப் பாட்டி இடித்துக் கொடுத்த அதே இலைதான். அதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளிலிருந்துதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் பிற்காலத்தில் உருவானது. பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த தைலம் இருக்கிறது. வடகம் என்ற உருண்டை மருந்து 2000 இருக்கிறது. மண்டூர வடகம் என்று ஆயுர்வேதம் சொல்லும் மருந்து அது. பழைய இரும்பின் கிட்டத்தைச் சுட்டு, கோமூத்திரத்தில் பக்குவப்படுத்தி, திரிபலை முதலியவை சேர்த்து உருட்டுவார்கள். உடம்பு வெளிறிப்போகும் பாண்டு நோய்க்கு அது. ஹீமோகுளோபின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், வெளிறியவருக்கு இரும்பு கொடுக்கலாம் என்று எப்படிக் கண்டார்கள்! எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்து, எத்தனை தலைமுறை கவனித்து வந்த அறிவாக இருக்க வேண்டும். அந்த உருண்டைகளில் எல்லாமே பலித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பலித்ததையும் பலிக்காததையும் பிரித்தறியும் சோதனை முறை வர இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன.

இது தனியாக முளைத்த ஏற்பாடும் இல்லை. இதற்கு முன்பே தஞ்சாவூரில் குந்தவைப் பிராட்டி, தன் தந்தை சுந்தர சோழன் பெயரில் ஓர் ஆதுலர் சாலை வைத்து அதற்கு நிலமும் கொடுத்திருந்தாள். ஸ்ரீரங்கம் கோயிலிலும் மருத்துவத் தெய்வமான தன்வந்திரிக்கு இன்றும் தனிச் சன்னிதி உண்டு.

திருமுக்கூடல் பட்டியலில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது புராண சர்ப்பி. அப்படியென்றால் பழைய நெய். ஆண்டுகள் பலவாக, பத்தாண்டு வரைகூட வைத்திருந்து, நாற்றமும் நிறமும் மாறிய நெய்யை வலிப்புக்கும் சித்தப் பிரமைக்கும் கொடுக்கச் சொல்கிறது ஆயுர்வேதம். அதற்காக ஆண்டுதோறும் ஒரு பதக்கு, அதாவது 16 நாழி, பசு நெய்யைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்று வெட்டியிருக்கிறார்கள். அந்த ஆண்டு படுக்கையில் கிடந்த பதினைந்து பேரில் ஒருவருக்கும் அது போகாது. குடத்தின் வாயைத் துணியால் கட்டி மூலையில் வைத்தவர், அதை யார் குடிக்கப்போகிறார் என்று தெரியாமலேதான் வைத்திருப்பார்.