ஜிப்சி வாங்க ஆசையா? முதலில் சாசிஸ் நம்பரைத் தடவிப் பாருங்க!

தயாரிப்பு நின்று வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் மாருதி ஜிப்சி மீது வாலிபர்களுக்கு உள்ள மோகம் தீர்ந்தபாடில்லை. பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடிப்பது, ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்டுவது, மாட்டு வண்டிச் சக்கரம் போல டயர் போடுவது, கூரை மேல் வரிசையாக விளக்கு மாட்டுவது என்று பணத்தைத் தண்ணீராகக் கொட்டுகிறார்கள்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினால் பணமும் போகும், வண்டியும் போகும். சில சமயம் ஆளே உள்ளே போக வேண்டி வரும்!

அது எப்படி? விவரம் வருமாறு:-

யார் இந்த ஜிப்சி?

ஜப்பான் நாட்டு சுசுகி கம்பெனியின் சின்ன ஜீப்பைக் கொஞ்சம் நீட்டிச் செய்ததுதான் ஜிப்சி. 1985-ம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 970 சி.சி. பெட்ரோல் என்ஜின், 45 குதிரை சக்தி, 4 கியர். இவ்வளவுதான் அதன் சரக்கு.

1993-ல் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தைக் கூட்டினார்கள். 1996-ல் 1,300 சி.சி. என்ஜினும் 5 கியரும் போட்டு 'ஜிப்சி கிங்' வந்தது. 2000-ல் அதுவே 80 குதிரை சக்தி ஆனது.

வண்டியின் எடை சுமார் ஒரு டன்தான். அடியில் லாரி மாதிரி தனி சாசிஸ். நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். 4 சக்கரமும் இழுக்கும். சேற்றிலும் மணலிலும் பெரிய ஜீப்புகள் புதைந்து நிற்கும் இடத்தில் இது ஆட்டுக்குட்டி போலத் தாவி ஏறும். ராணுவம், போலீஸ், வனத்துறை எல்லோரும் இதை வாங்கியதற்குக் காரணம் இதுதான்.

புதிய பாதுகாப்பு விதிகள் வந்ததும் 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. அதன் வாரிசான ஜிம்னி 2023-ல் வந்தது. ஆனாலும் "பழசுக்கு ஈடாகுமா?" என்று கேட்கும் கூட்டம் குறையவில்லை. புது ஜிப்சி வராது என்பதால் பழைய வண்டிக்கு கிராக்கி. கிராக்கி இருக்கும் இடத்தில் கில்லாடிகளும் இருப்பார்கள்!

ஒட்டு வண்டி

"அண்ணே, பக்கா வண்டி. ஒரே ஓனர். பேப்பர் எல்லாம் கிளீன்" என்பார் புரோக்கர். புது பெயிண்ட் பளபளக்கும். உள்ளே இருப்பது இரண்டு, மூன்று வண்டிகளாக இருக்கலாம்!

ஜிப்சியின் உடம்பு வேறு, சாசிஸ் வேறு. போல்ட்டைக் கழற்றினால் தனியாக வந்துவிடும். மெக்கானிக்குக்கு இது வசதி. மோசடிக்காரனுக்கும் இதுவே வசதி. ஒரு வண்டியின் சாசிஸ், இன்னொரு வண்டியின் உடம்பு, மூன்றாவது வண்டியின் என்ஜின் என்று ஒட்டுப் போட்டு விற்றுவிட முடியும். அதில் ஒன்று திருட்டு வண்டியுடையதாக இருந்தால் கதை கந்தல்.

சென்னையில் பழைய உதிரி பாகம் என்றால் எல்லோர் காலும் புதுப்பேட்டைக்குத்தான் போகும். பில் போட்டு நேர்மையாக வியாபாரம் செய்யும் கடைகள் அங்கே உண்டு. "பில் வேணாம், பாதி விலைக்குத் தர்றேன்" என்று எந்த ஊரில் எவர் சொன்னாலும் அங்கேதான் உஷாராக வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்பட இடம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை ஜெயில். திருடியவன் மட்டுமல்ல, வாங்கியவரும் கூண்டில் ஏற வேண்டும்.

எனவே ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். நம்பர் அடித்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அரத்தால் ராவிய தடம், வெல்டிங் மேடு, எழுத்துக்களின் அளவில் வித்தியாசம் ஏதாவது இருந்தால் பேச்சே வேண்டாம். திரும்பி நடையைக் கட்டுங்கள்.

துரு என்ற திருடன்

அடுத்து, வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். சென்னை உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். காலுக்குக் கீழ் உள்ள தரை, பின் சக்கரத்துக்கு மேல் உள்ள தகடு, ஸ்பிரிங்கைப் பிடிக்கும் கொக்கிகள் இவற்றை ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது. 'பொத்' என்று கேட்டால் உள்ளே மாவாகிவிட்டது என்று அர்த்தம். உடம்பில் ஓட்டை என்றால் டிங்கரிங் செய்யலாம். சாசிஸ் அரித்திருந்தால் வண்டியே வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது 4 சக்கர கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் மண் தரையில் மட்டும்! காய்ந்த தார் ரோட்டில் 4 சக்கர கியரைப் போட்டு வளைக்கக் கூடாது. முன் சக்கரமும் பின் சக்கரமும் திருப்பத்தில் வேறு வேறு தூரம் ஓடும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட இந்த வண்டியில் நடுவே டிபரன்ஷியல் கிடையாது. கியரும் ஷாப்ட்டும் முறுக்கிக்கொண்டு பல் உடையும்.

தூக்கினால் கவிழும்

வண்டி வாங்கியாச்சு. அடுத்து 'தூக்கும்' படலம்.

ஜிப்சியில் பட்டை ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருக்கும். அதை அச்சுக்கு மேலே மாற்றி வைத்தால் வண்டி பல அங்குலம் உயர்ந்துவிடும். பார்க்க ஜோர்தான். ஆனால் ஸ்டீரிங் கம்பிகளின் சாய்வு மாறும். ஷாப்ட்டின் கோணம் மாறி உதறல் எடுக்கும். பிரேக் குழாய் எட்டாமல் இழுத்துக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் சேர்த்துச் சரிசெய்யாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் அது வண்டி அல்ல, எமன் வாகனம்.

அதைவிடப் பெரிய ஆபத்து கவிழ்வது. ஜிப்சி ஏற்கனவே உயரம் அதிகம், அகலம் குறைவு. இன்னும் தூக்கினால் எடை மேலே போகும். மண் பாதையில் மெதுவாகப் போகும் வரை தெரியாது. கிழக்கு கடற்கரை சாலையில் 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே ஒரு மாடு வந்து, ஸ்டீரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் அப்போது தெரியும்.

டயரிலும் கணக்கு உண்டு. டயரின் உயரம் பத்தில் ஒரு பங்கு கூடினால் வேகமானி 60 காட்டும்போது வண்டி 66-ல் ஓடும். பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். சின்ன என்ஜின் இழுக்கத் திணறும். கிளட்ச் சீக்கிரம் தேயும்.

"உயரமா இருக்கு, மழைத் தண்ணியில தைரியமா போகலாம்" என்ற நினைப்பும் தப்பு. காற்று உறிஞ்சும் குழாய் வழியாக என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் உள்ளே ராடு வளைந்து என்ஜின் படுத்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம்

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி முதல் தண்டனையும் கடுமையானது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்!

முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிக்கும் தடை உண்டு. 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதன் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கம்பி மாட்டியவர் தப்பிக்கலாம். அதில் அடிபடும் பாதசாரியின் எலும்பு நொறுங்கும்.

இன்சூரன்சையும் மறக்கக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், கம்பெனி கையை விரிக்க அது ஒன்றே போதும். லட்சக்கணக்கில் செலவு செய்து செய்த அலங்காரம் சல்லிக் காசு பெறாது.

அப்படியானால் எதுவுமே செய்யக் கூடாதா? செய்யலாம். தேய்ந்த ஸ்பிரிங்கை அதே அளவில் புதிதாகப் போடலாம். சீட் மாற்றலாம். துருவை நீக்கி அதே கலரில் பெயிண்ட் அடிக்கலாம். கலரை மாற்றினாலும், வேறு என்ஜின் போட்டாலும் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டியில் இருப்பது புத்தகத்தில் இருக்க வேண்டும். புத்தகத்தில் இருப்பது வண்டியில் இருக்க வேண்டும். சூட்சுமம் இவ்வளவுதான்.

15 ஆண்டு கெடு

சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.5 ஆயிரம் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025-ல் ரூ.10 ஆயிரமாக உயர்ந்தது. பசுமை வரி தனி. ஜிப்சி வாங்குபவர் இதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். புதுப்பிக்கும் நாளில்தான் கள்ள மாற்றங்களும் ஆய்வாளர் கண்ணில் படும்.

ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் ஏலம் எடுத்த அசல் பத்திரங்களைக் கேளுங்கள். "ஜெராக்ஸ்தான் இருக்கு சார்" என்றால் கும்பிடு போட்டு விடுங்கள்.

விற்பவரும் உஷார்

ஆபத்து வாங்குபவருக்கு மட்டுமல்ல. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி யார் மீதாவது மோதினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது.

அந்த வண்டியில் யாராவது கடத்தல் சரக்கு ஏற்றிப் பிடிபட்டாலும் போலீசார் முதலில் பார்ப்பது நம்பர் பிளேட்டைத்தான். நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது, "அதை நான் எப்பவோ வித்துட்டேன் சார்" என்று வாயால் சொல்லிப் பயன் இல்லை. கையில் காகிதம் இருக்க வேண்டும்.